யாழ்ப்பாணக் கம்பஸா, கொழும்பா?

உயர்தர முடிவும், கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளியும் வந்தால் போதும், சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் போன் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கணினி படிக்க விருப்பத் தெரிவில் எதை முதலில் போடுவது, யாழ்ப்பாணத்தையா கொழும்பையா? எனக்கு இரண்டும் கிடைக்கிற புள்ளி இருந்தது, யாழ்ப்பாணத்தைத்தான் போட்டேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

இரண்டும் அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை, படிப்பு ஆங்கிலத்தில். பெயர் என்று பார்த்தால் கொழும்புக்குக் கூட, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் கூட. இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

உண்மையில் ஆளைத் தூக்கிவிடுவதோ கவிழ்ப்பதோ ரெயினிங்தான். படிப்பின் பிற்பகுதியில் ஒரு கொம்பனியில் போய் வேலை பழகுகிற அந்த ஒரு சில மாதம். முதல் வேலை பெரும்பாலும் அந்தக் கொம்பனியிலேயோ அங்கே பழகின ஆட்கள் மூலமோதான் கிடைக்கிறது. கொழும்புப் பிள்ளைக்கு இது சுகம், கொம்பனி பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது, உள்ளே ஏற்கனவே சீனியர்மார் நிறைந்திருப்பார்கள், "அண்ணா, சீவியை அனுப்பிவிடட்டா?" என்று ஒரு மெசேஜ் போட்டால் சீவி, அதாவது சுயவிபரம், நேரே உரியவரின் மேசைக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் இருந்து விண்ணப்பித்தால் அதே சீவி நூற்றில் ஒன்றாகக் கிடக்கும். போன் வந்தாலும் முதல் கேள்வி "கொழும்புக்கு வர ஏலுமா?" என்பதாகத்தான் இருக்கும்.

ஏலும் என்று சொல்லலாம், அதுதான் என் கணக்கு. நாலு வருசமும் கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று வீட்டுக்காரர் கொட்டுகிற காசில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, ரெயினிங் காலத்துக்கு மட்டும் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு பேரோடு அறை எடுத்து நின்றால், கொழும்பு தரக்கூடிய பெரிய நன்மை கையில் வந்துவிடும். நான் அப்படித்தான் போனேன். இரண்டாவது வேலைக்குப் போனபோது எந்தக் கம்பஸ் என்று யாரும் கேட்கவேயில்லை, என்ன செய்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், அலன் குரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1976இல் கல்லூரிக்குப் போனவர்களை எடுத்து, ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனவருக்கும் போகாமல் விட்டவருக்கும் பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் கெட்டிக்காரப் பிள்ளைதான் போல. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி நன்றாகவே உதவியிருக்கிறது. அந்த விதிவிலக்கைத் தாண்டிப் போகக் கூடாது. கொழும்பில் ஒரு மாமாவோ தெரிந்த அண்ணாவோ இல்லாத பிள்ளைக்கு, கம்பஸ் சீனியர்தான் மாமா. என் கணக்கு அந்த இடத்தில் கொஞ்சம் ஆடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் மென்பொருள் பக்கத்துக்கதை. வங்கி, அரச உத்தியோகம் எல்லாம் கூட்டாளிமார் சொல்லக் கேட்டதோடு சரி, அங்கே கம்பஸ் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் ஏலாது.

இன்னொன்று, ஆங்கிலம் பேசுகிற வாய். வீட்டுச் சோறு, தமிழ்ச் சூழல், சைக்கிளில் வகுப்பு எல்லாம் நல்லதுதான். ஆனால் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் வெளியே வந்தால் தமிழிலேயே நாலு வருசம் ஓடிவிடும், இன்டர்வியூவில் தெரிந்த விசயத்துக்கே வசனம் வராது. யாழ்ப்பாணத்தைப் போடுகிறவர் இங்கிருக்கும்போதே கூச்சத்தை விட்டு, உடன் படிக்கிற சிங்களப் பிள்ளைகளோடு பேசிப் பழகவேண்டும். அதைத் தானாகச் செய்ய மாட்டாத பிள்ளை என்று தாய் தகப்பனுக்கே தெரிந்தால், செலவைப் பார்க்காமல் கொழும்பையே முதலில் போடச் சொல்லுங்கள்.