எட்டு வருஷம் கழித்து ஃபிரேமைத் திறந்து பார்த்தேன்

2016இல் செய்த மூன்று ஃபிரேம்களையும் 2024 டிசம்பரில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கத் தாளைக் கிழித்துத் திறந்து பார்த்தேன். அம்மா அப்பாவின் கல்யாணப் படம், மகள் பத்து வயதில் பேஸ்டலில் வரைந்த சிங்கப்பூர் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம், ஒரு தஞ்சாவூர் ஓவியம். இரண்டு அப்படியே இருக்கின்றன. பேஸ்டல் படத்தில் மட்டும் கோளாறு, அது என் பிடிவாதத்தால் வந்தது.

முதலில் 2016க்கு முந்தைய கதை. கல்யாணப் படம் 1964இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. அதை 2009இல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது தங்க நிறப் பூவேலைச் சட்டத்தை மட்டும்தான். உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை. கண்ணாடி, அதில் நேராக ஒட்டியபடி படம், பின்னால் பழுப்பு ஹார்டுபோர்டு, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினோம்.

ஆறு வருஷம் கழித்துத் தீபாவளிக்குச் சுவரில் பெயிண்ட் அடிக்கக் கழற்றினால், படத்தின் ஓர் ஓரத்தில் எண்ணெய் பட்டதுபோல் பளபளவென்று ஒரு திட்டு. பழைய போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் ஏற ஏற அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்போது அது தெரியாது. மெதுவாகத்தான் இழுத்தேன், ஆனாலும் அம்மாவின் கூறைப் புடவைக் கரை நகக்கண் அளவுக்குக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கண்ணாடித் துண்டை இன்னும் எறியவில்லை. உங்கள் வீட்டில் படம் இப்படி ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, பாதுகாப்புப் பணி தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அதற்கப்புறம்தான் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போய்க் கடை கடையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வயதான அங்கிள் ஒருவர் சட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை, எடுத்தவுடன் “எந்தச் சுவரில் மாட்டப் போகிறாய்?” என்றுதான் கேட்டார். அப்போதே இவர்தான் சரியான ஆள் என்று முடிவு செய்துவிட்டேன். சிங்கப்பூரில் படத்துக்கு முதல் எதிரி வெயிலைவிட ஈரம்தான். என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஈரப்பத மீட்டர் சாதாரண நாளிலேயே 75, மழை நாளில் 85ஐத் தொடுகிறது. 65, 70 சதவீதத்தைத் தாண்டியபடியே இருந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

ஈரத்தைச் சமாளிக்க முதல் வேலை, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடுவது. படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கிறார்களே அந்த மவுண்ட், அது அழகுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் உண்மையான வேலை கண்ணாடியைப் படத்தில் படவிடாமல் தடுப்பதுதான். ஆனால் அதே அட்டை மட்டமாக இருந்தால் படத்தைக் கெடுப்பதும் அதுதான். மலிவான அட்டை மரக்கூழ், அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கும், நாளாக ஆக அமிலம் கசியும். பழைய படங்களில் மவுண்ட் வெட்டின ஓரத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு பார்த்திருப்பீர்கள், அது அட்டை சுட்ட சூடு. பஞ்சு இழையில் செய்த ராக் போர்டு விலை கூடுதல், ஆனால் நடுவில் வெட்டினாலும் ஒரே நிறம், எட்டு வருஷத்தில் அந்தக் கோடு என் படங்கள் எதிலும் விழவில்லை.

“ஆசிட் ஃப்ரீ” என்று லேபிளில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மரக்கூழ் அட்டையில் சுண்ணாம்புச் சத்தைக் கலந்து அமிலத்தை அமுக்கிவிட்டும் அப்படிப் போடலாம். அமிலம் பார்க்கிற பேனா ஒன்று வாங்கிக் கோடு போட்டுப் பார்த்தேன். ஊதாவாக வந்தால் அமிலம் இல்லை, மஞ்சளானால் இருக்கிறது. ஆனால் லிக்னின் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது, ஆகவே அட்டையின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே மேல். போட்டோவுக்கு என்றால் போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் (அட்டை போட்டோவைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை) தேறிய அட்டையா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

பின்பலகையும் அப்படித்தான். மர இழையை அழுத்திச் செய்த ஹார்டுபோர்டும் எம்டிஎஃபும் ஈரத்தைக் குடித்து அமிலத்தைக் கக்கும் சாமான்கள். எனக்கு அங்கிள் போட்டது, படத்தை ஒட்டி ஒரு ராக் போர்டு, அதற்குப் பின்னால் நெளிவுள்ள பிளாஸ்டிக் பலகை. பிறகு கண்ணாடி, மவுண்ட், பலகை மூன்றையும் விளிம்பைச் சுற்றி டேப்பால் ஒரே பொட்டலமாக மூடினார், ஏர்கான் ஓடுகிற அறையில் வைத்துத்தான் மூடினார். மழை நாளில் திறந்த கடையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டின கதையாகிவிடும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போடச் சொன்னேன், சிரித்தார். சீக்கிரமே நிரம்பிவிடும், அப்புறம் அது வெறும் மணல் மூட்டை.

படத்தை அட்டையில் பிடித்திருப்பது மேல் ஓரத்தில் இரண்டே இரண்டு ஜப்பானியத் தாள் துண்டுகள், கோதுமை ஸ்டார்ச் பசை. நம் ஊரில் போஸ்டர் ஒட்டக் காய்ச்சுகிற மைதா பசை இல்லை, புரதம் நீக்கிய மாவு, தண்ணீர் வைத்தால் கழன்று வந்துவிடும். கீழே ஒட்டாமல் விட்டிருக்கிறார், ஈரத்தில் தாள் விரிந்து சுருங்க இடம் வேண்டுமே. நாலு பக்கமும் ஒட்டினால் தாள் அலையலையாக உப்பும். பசை என்றால் ராமபாணப் பூச்சி வருமே என்று பயந்தேன், திறந்து பார்த்ததில் ஒன்றும் இல்லை.

இனி என் தவறு. பேஸ்டல் படம் பெரியது, சுவரிலிருந்து விழுந்துவிடப் போகிறது என்று பயந்து கண்ணாடி வேண்டாம், எடை பாதியாகும் என்று அக்ரிலிக் கேட்டேன். அங்கிள் இரண்டு முறை வேண்டாம் என்றார். அக்ரிலிக் நிலைமின்சாரம் பிடிக்கும், பேஸ்டல் வெறும் தூள். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூள் மேலேறி, இப்போது கோபுரத்தின் பச்சை பாதி அக்ரிலிக்கின் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு வீட்டில் ஒருவர் செய்தித்தாளால் துடைத்து, வெயில் விழும் கோணத்தில் பார்த்தால் கீறல் கோலம் தெரிகிறது. அதை இப்போது கண்ணாடிக்கு மாற்றக் கொடுத்திருக்கிறேன். வாட்டர்கலர், பிரிண்ட் போன்றவற்றுக்கு அக்ரிலிக் தாராளமாகப் போடலாம், கரி, பேஸ்டலுக்குக் கூடாது.

மற்ற இரண்டுக்கும் புறஊதாக் கதிரை 99 சதவீதம் தடுக்கும் ட்ரூ வியூ கம்பெனிக் கண்ணாடி. நல்ல பொருள், ஆனால் அதை வாங்கிவிட்டு மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டலாம் என்று எண்ணாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியத்துக்கு 50 லக்ஸ் அளவில் அறையை மங்கலாக வைத்திருப்பது அதற்குத்தான். எங்கள் படங்கள் இப்போது வெயில் எட்டாத உள்சுவரில், பின்மூலைகளில் ஒட்டிய சிறு ரப்பர் குமிழ்களால் சுவரைத் தொடாமல் தொங்குகின்றன. அந்தக் குமிழ்தான் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கல் பதித்த இடம் மேடாக இருப்பதால் ஆழமான பெட்டிச் சட்டம், ஓரத்தில் இடைவெளிக் கட்டை. பலகையில் பூச்சித் துளை இருக்கிறதா என்று மட்டும் வருஷம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

செலவு? பழைய பூவேலைச் சட்டத்துக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு, அதுவும் இந்த முறை சட்டம் மெல்லிய கறுப்பு அலுமினியம், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. மாமியாருக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை. “இவ்வளவு பணம் கொடுத்து இந்தக் கம்பியா?” என்றார்.

இன்னொரு தகராறும் வந்தது. மாமனார் தவறியபின் அவர் படத்துக்குத் தினமும் சந்தனம், குங்குமம், மாலை. விசேஷக் கண்ணாடியில் ஈரச் சந்தனம் வைத்தால் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும், பூச்சும் கெடும். மாமியாரிடம் போய்ப் பொட்டு வைக்காதீர்கள் என்று யார் சொல்வது? அசலை ஸ்கேன் செய்து ஒரு பிரதி எடுத்து, தேக்கா பகுதிக் கடையில் சாதாரணக் கண்ணாடியும் அவர் கேட்ட தங்கப் பூவேலைச் சட்டமுமாகப் போட்டுப் பூஜை அறையில் மாட்டினேன். அசல், அமிலமில்லாத உறையில் அலமாரிக்குள். இது அவருக்குத் தெரியும். “அவர் உள்ளே ஏர்கானில் இருக்கிறார், இங்கே ஆபீஸ் மட்டும்தான்” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.