என்மேப் 7.96: மலை நெட்வொர்க்குக்கு எது உதவும், எது உதவாது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே, எஸ்டேட் ஆபீஸ், தேயிலை பேக்டரி என்று நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்களின் லேப்டாப்பில் என்மேப் கட்டாயம் இருக்கும். நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவி இருக்கிறது, அவற்றில் எந்த போர்ட் (வெளியே பேசும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், 1997-ல் வெளிவந்த ஓப்பன் சோர்ஸ் ஸ்கேனர் இது. சொந்த நெட்வொர்க்கைச் சோதிக்கக் காசு கிடையாது. தன் பொருளுக்குள் வைத்து விற்கிறவர்தான் தனி உரிமம் வாங்கவேண்டும். 7.96 பதிப்பு 2025 மே மாதம் வந்தது. அதையும், முன்னதாக 7.94, 7.95-ல் சேர்ந்தவற்றையும் மலைப்பகுதி இணைப்புகளை மனதில் வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

அதிகம் பேசப்படுவது பெயர் தேடல். கொடுத்த பெயர்களுக்கு ஐ.பி. முகவரி கண்டுபிடிக்கும் வேலையை என்மேப் இதுவரை ஒவ்வொன்றாகத்தான் செய்துவந்தது. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால் அடுத்தவை அத்தனையும் காத்து நிற்கும். 7.96-ல் பல பெயர்களை ஒரே நேரத்தில் தேடுகிறது. முன்பு 49 மணி நேரம் பிடித்த 10 லட்சம் பெயர்களின் தேடல் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி முடிந்தது என்கிறார்கள் உருவாக்கியவர்கள். வாடிக்கையாளர்களின் சிசிடிவி பெட்டிகளை டைனமிக் டி.என்.எஸ். (ஐ.பி. மாறினாலும் மாறாத) பெயர்களில் பட்டியல் போட்டு வைத்திருக்கும் சர்வீஸ்காரருக்கு இது பெரிய உதவி. இருநூறு பெயரில் முப்பது செத்துப்போயிருந்தாலும் இனி ஸ்கேன் முடங்காது. ஆனால் 192.168 என்று தொடங்கும் உள் நெட்வொர்க்கை மட்டும் பார்க்கிறவருக்கு இதனால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. அவர் சிறிய எழுத்தில் ‘-என்’ போட்டுப் பெயர் தேடலையே நிறுத்திவிடுவதுதான் சரி.

சின்னதாகத் தெரிந்தாலும் முக்கியமான திருத்தம் ஒன்று: பட்டியல் கோப்பையும் கொடுத்து, கட்டளையிலேயே ஒரு முகவரியையும் சேர்த்தால், பழைய பதிப்பு சத்தமில்லாமல் அந்த முகவரியை விட்டுவிடும். இப்போது இரண்டையும் ஸ்கேன் செய்கிறது. பழைய அறிக்கைகளில் ஏதாவது ஒரு கருவி விடுபட்டிருந்தால் இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

மலைக்கு மலை ரேடியோ இணைப்பு கொடுக்கிற இடங்களில் மைக்ரோடிக் கருவிகள் நிறைய. 7.96-ல் வந்திருக்கும் புதிய ஸ்கிரிப்ட் (என்மேப்போடு ஓடும் சிறு நிரல்) ஒன்று, மைக்ரோடிக்கின் நிர்வாகக் கருவியான வின்பாக்ஸின் போர்ட் வழியாக, அதன் இயங்குதளமான ரவுட்டர் ஓ.எஸ்.-இன் பதிப்பைக் கேட்டுச் சொல்கிறது. எங்கள் பார்வையில் இந்த வெளியீட்டின் மிகப் பயனுள்ள சேர்க்கை இதுதான். கோபுரத்தில் ஏற்றியபின் வருடக்கணக்கில் யாரும் தொடாத கருவி ஏராளம். 2018-ல் தெரியவந்த வின்பாக்ஸ் ஓட்டை 6.42.1-ல் அடைக்கப்பட்டது, அதற்குக் கீழே ஒரு எண் கண்ணில் பட்டால் அன்றைக்கே அப்டேட் செய்யுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வின்பாக்ஸின் 8291 போர்ட் இணையத்தின் பக்கம் திறந்திருக்கவே கூடாது.

மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்ணை) வைத்துத் தயாரிப்பாளர் பெயரைச் சொல்வது 7.94-லிருந்து துல்லியமாகியிருக்கிறது. முன்பு முதல் 24 பிட்டை மட்டும் பார்க்கும். இப்போது 28, 36 பிட் பதிவுகளையும் பார்ப்பதால், சிறிய கம்பெனிகளின் கேமராவும் சென்சாரும் பெயரோடு வரும். இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். விருந்தினரின் போன்கள் தற்காலிக மேக் முகவரி போட்டுக்கொள்ளும். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ரேடியோ ஸூடோபிரிட்ஜ் முறையில் (பின்னால் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் தன் மேக் முகவரியையே காட்டும் முறை) ஓடினால் அதன் பின்னால் இருக்கும் பத்துக் கருவிக்கும் ஒரே மேக் முகவரிதான் காட்டும். யாரோ உள்ளே புகுந்துவிட்டார் என்று பதற வேண்டாம்.

இனி வேகம். வேக அளவுகளில் உச்சமான ‘-டி5’ (பெரிய ‘டி’) போட்டால் சீக்கிரம் முடியும் என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலையில் அது தவறான பாடம். ‘-டி5’ ஒரு பதிலுக்கு அதிகபட்சம் 300 மில்லிசெகண்ட்தான் காத்திருக்கும், இரண்டு தடவைதான் திரும்ப முயலும், ஒரு கருவிக்கு 15 நிமிடம் கடந்தால் கைவிட்டுவிடும். கூடலூர், பந்தலூரில் ஜூன் மழையிலும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழையிலும் ரேடியோ இணைப்பு திணறும். மூடுபனியால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. வழியில் வளர்ந்து நிற்கும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரங்களின் நனைந்த இலைதான் அலையைக் குடிக்கிறது. பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலையும்போது ‘-டி5’ திறந்திருக்கும் போர்ட்டையும் ‘ஃபில்டர்ட்’ (ஃபயர்வால் தடுக்கிறது) என்று எழுதிவிடும். அந்த அறிக்கையை நம்பி ஃபயர்வால் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டினால் வினை.

ஒரே கட்டடத்துக்குள் கேபிள் வழியாக என்றால் ‘-டி4’ போதும். அது 1,250 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கும், ஆறு முறை திரும்ப முயலும். இரண்டு மூன்று ரேடியோ தாண்டிப் போகவேண்டுமென்றால் வழக்கமான ‘-டி3’-யோடு நொடிக்கு 100 பாக்கெட்டுக்கு மேல் அனுப்பாத ‘மேக்ஸ்-ரேட் 100’ சேர்த்துக்கொள்ளுங்கள். 30 கருவி, கருவிக்கு 1,000 போர்ட் என்றால் 30,000 பாக்கெட். நொடிக்கு 100 வீதம் குறைந்தது ஐந்து நிமிடம். மறுமுயற்சிகள் சேர்ந்தால் இன்னும் கூடும், அவ்வளவுதான். ஹோம்ஸ்டே விருந்தினரின் வீடியோ கால் அறுபடாது. யு.டி.பி. (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) ஸ்கேனில் மட்டும் எல்லா போர்ட்டையும் கேட்காதீர்கள். லினக்ஸ் கருவிகள் மூடிய போர்ட்டுக்கு நொடிக்கு ஒரு பதில்தான் தரும். 65,536 போர்ட்டுக்கு 18 மணி நேரம் தாண்டும்.

கட்டளையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். சிறிய ‘பி’ போர்ட் எண் குறிப்பதற்கு. பெரிய ‘பி’-யோடு சிறிய ‘என்’ சேர்ந்தால் கருவி இயங்குகிறதா என்று முதலில் பார்க்கும் பிங் சோதனையைத் தவிர்ப்பதற்கு.

பிரிண்டர் இருக்கும் ஆபீஸில், போர்ட்டில் ஓடும் மென்பொருளின் பதிப்பைக் கண்டறியும் ‘-எஸ்வி’ (சிறிய ‘எஸ்’, பெரிய ‘வி’) ஓட்டினால் 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளை என்மேப் தானாகவே விட்டுவிடும். அந்த போர்ட்டுக்கு எது போனாலும் பிரிண்டர் அச்சடித்துத் தள்ளும் என்பதுதான் காரணம். இந்த விலக்கை நீக்கும் ‘ஆல்போர்ட்ஸ்’ ஆப்ஷனைச் சேர்த்துக் காகிதத்தைப் பாழாக்காதீர்கள்.

7.95-ல் தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று புரொஃபிநெட், ஹார்ட்-ஐபி உள்ளிட்ட நான்கு ஸ்கிரிப்டுகள் வந்தன. டிரையரும் வாட்டும் தொட்டி விசிறிகளும் பி.எல்.சி.-யில் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) ஓடும் தேயிலை பேக்டரிக்கு இவை பயன்படும்தான். ஆனால் இலை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பல சோதனைகளை ஒரேயடியாக ஓட்டும் ‘-ஏ’ (பெரிய எழுத்து) போட்டு ஸ்கேன் செய்யவே கூடாது. பழைய பி.எல்.சி. சில, பழகாத பாக்கெட் வந்தால் உறைந்துபோகும்; டிரையர் நின்றால் உள்ளே இருக்கிற தூள் கருகும். பராமரிப்பு நாளில், ஃபோர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் பாருங்கள். யாருடைய நெட்வொர்க்காக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு உள்ளே நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கட்டளை தட்டாமல் திரையிலேயே இயக்கும் என்மேப் வடிவமான ஜென்மேப்பில் டார்க் மோட் வந்திருக்கிறது. நல்லது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நிறுவும்போது கவனிக்கவேண்டியது: லினக்ஸ் வகைகளில் டெபியன் 12-ன் களஞ்சியத்தில் 7.93-தான், உபுண்டு 24.04-ல் 7.94-தான் கிடைக்கும். 7.96 வேண்டுமென்றால் மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்யவேண்டும். குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்-லின் டெவலப்மென்ட் பேக்கேஜை முதலில் போடுங்கள். அது இல்லாமலும் கம்பைல் ஆகிவிடும், ஆனால் எஸ்எஸ்எல் சார்ந்த சோதனைகள் வேலை செய்யாது. முடிந்ததும் பெரிய ‘வி’ கொடுத்துப் பதிப்பு எண்ணையும் ஓப்பன்எஸ்எஸ்எல் பெயரையும் சரிபாருங்கள். பழைய எண்ணே வந்தால், முன்பே இருந்த பைனரிதான் இன்னும் ஓடுகிறது.

மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதில்லை. ஆகவே எந்த ஸ்கேனையும் ‘-ஓஏ’ (சிறிய ‘ஓ’, பெரிய ‘ஏ’) போட்டுக் கோப்பில் சேமியுங்கள். நின்ற இடத்திலிருந்து ‘ரெஸ்யூம்’ கொடுத்துத் தொடரலாம். என்மேப் கருவிகளைக் குழுகுழுவாகப் பார்க்கும், ஒரு குழு முழுதாக முடிந்த பிறகே அதன் முடிவைக் கோப்பில் எழுதும். குழு பெரிதாக இருந்தால் கரண்ட் போகும்போது அத்தனை உழைப்பும் வீண். ‘மேக்ஸ்-ஹோஸ்ட்குரூப் 8’ என்று வைத்தால், அதிகபட்சம் எட்டுக் கருவியைத்தான் திரும்பப் பார்க்க நேரிடும்.