ஐம்பது காசு அஞ்சலட்டை

குடியாத்தம் பெரியம்மாவுக்கு மாதம் ஒரு கார்டு எழுதுகிறேன். வேலூர் தபால் நிலையத்தில் 10 கார்டு 5 ரூபாய்தான். குடும்ப விஷயம் என்றால் இரண்டரை ரூபாய் இன்லேண்ட் லெட்டர்தான் சரி. கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே. ஜெல் பேனா வேண்டாம், ஈரக் கை பட்டால் கலங்கிவிடும். பின்கோடு 6 கட்டத்தையும் நிரப்புங்கள்.

போன மாதம் பெரியம்மா, கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களை இறக்கிக் காட்டினார். அடியில் ஒரு கார்டு: 1994இல் ஆம்பூர் தோல் ஷெட்டில் வேலை பார்த்தபோது பெரியப்பா எழுதியது. ‘நலம், நலமறிய அவா.’ அக்காவுக்கு வரன் முடிந்த செய்தி. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அவர் சுழித்து எழுதும் ‘அ’வைப் பார்த்ததும் குரலே கேட்டது போல இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை இப்படிக் கையில் எடுத்துக் காட்ட முடியுமா? அப்புறம், என் மகளுக்கும் 10 கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.