காரின் உள்பக்க பிளாஸ்டிக்குக்கு நிறம் மாற்ற: ஸ்ப்ரே டப்பாவா, ஸ்டிக்கரா, பட்டறையா?

பத்து வயது தாண்டிய ஸ்விஃப்டோ வேகன்ஆரோ ஐ10-ஓ, என்ஜின் நன்றாகவே ஓடும். கதவைத் திறந்தால்தான் வயது தெரியும். கைப்பிடியின் வெள்ளிப் பூச்சு உரிந்திருக்கும், கதவின் உள்பக்கத்தை மூடும் பீஜ் நிற டோர் பேட் அழுக்கேறிப் பழுத்திருக்கும், கியர் பக்கத்து கன்சோல் முழுக்கச் சாவிக் கீறலாக இருக்கும். கம்பெனியில் புது பாகம் வாங்கும் செலவுக்கு மனசு வராது. கையில் இருக்கும் வழிகள் ஸ்ப்ரே டப்பா, வினைல் பூச்சு, ஸ்டிக்கர், டிங்கரிங் பட்டறை, பழைய பாகம் என்று ஐந்து. எதை எடுப்பது என்பதைப் பெயிண்டின் பிராண்டைவிட, அந்த பாகம் எந்த பிளாஸ்டிக், அதில் எவ்வளவு கை படுகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். பக்கத்தில் டிடி 20 என்றிருந்தால் அதில் 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது. டோர் பேடும் கீழ்ப்பக்க கன்சோலும் பெரும்பாலும் இந்த வகை. இதன்மேல் பெயிண்ட் தாமரை இலைத் தண்ணீர்தான். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் நகம் பட்டாலே தோல் தோலாக வரும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் அப்படியல்ல. பெயிண்டில் உள்ள கரைப்பான் அதன் மேற்பரப்பை லேசாக இளக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏசி வென்ட் சட்டம், ஸ்டீரியோவைச் சுற்றிய பட்டை போன்றவை பல கார்களில் ஏபிஎஸ்தான்.

பிபி என்றால் அட்ஹீஷன் ப்ரொமோட்டர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பெயிண்டை பிபி மேல் பிடிக்கவைக்கும், குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கலந்த நிறமில்லாத திரவம் அது. மெல்லிசாக அடித்து, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல் பெயிண்டை அடித்துவிட வேண்டும். வெறும் 'ப்ரைமர்' என்று எழுதிய சாம்பல் நிற டப்பா இதற்கு மாற்று ஆகாது; அது இரும்புக்கானதாக இருக்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். வெட்டக்கூடாத செலவும் இதுதான்.

இன்னொரு எதிரி டேஷ்போர்டு பாலிஷ். வருடக்கணக்கில் தேய்த்த சிலிகான் மேலே இருந்தால் பெயிண்ட் குழி குழியாக விலகும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு சொரசொரப்பின் இடுக்குவரை தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தின்னர் வேண்டாம், ஏபிஎஸ் மேல்தோல் கரைந்துவிடும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஸ்ப்ரே டப்பா மலிவு. 400 மில்லி டப்பா உள்ளூர் பெயிண்ட் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஏசி வென்ட் சட்டம், ஸ்டீரியோ பட்டை போன்ற சின்ன, வழவழப்பான, கை அதிகம் படாத பாகங்களுக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். 600 அல்லது 800 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மூன்று மெல்லிய பூச்சு போதும். ஆனால் டோர் பேடின் தோல் போன்ற புள்ளி வேலைப்பாட்டின் மேல் இதை அடித்தால் பள்ளமெல்லாம் நிரம்பி பொம்மை கார் மாதிரி ஆகிவிடும். கைப்பிடிக்கும் சரிவராது. மோதிரமும் நகமும் படும் இடத்தில் இந்தப் பூச்சு நிலைப்பதில்லை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் லேக்கர் வகைப் பெயிண்ட் வெண்மை பூத்துவிடும். வெயில் அடிக்கும் காலை வரும்வரை காத்திருங்கள்.

டோர் பேடுக்கு என் ஓட்டு வினைல் பூச்சுக்குத்தான். செம், டூப்ளி-கலர் போன்ற அமெரிக்க கம்பெனிகள் வினைலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்றே டப்பாவில் விற்கின்றன. சாதாரண பெயிண்டைவிட மெல்லிய, வளைந்து கொடுக்கும் பூச்சு. புள்ளி வேலைப்பாடு அப்படியே தெரியும், கம்பெனியிலேயே அந்த நிறத்தில் வந்தது போல இருக்கும். இதற்கும் பிபி மேல் அட்ஹீஷன் ப்ரொமோட்டர் வேண்டும். குறை, விலை. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் உள்ளூர் டப்பாவைவிட நன்றாகவே கூடுதல், நாலு கதவுக்கு ஒரு டப்பாவும் போதாது. பீஜைக் கறுப்பாக்குவது சுலபம். கறுப்பை பீஜாக்க ஆசைப்பட்டால் பூச்சுமேல் பூச்சாகப் போய், கடைசியில் மெல்லிசு என்ற சிறப்பே போய்விடும்.

ஸ்டிக்கர் தட்டையான, வழவழப்பான பாகத்துக்கு அருமை. கீறல் விழுந்த பளபள கறுப்பு கன்சோலுக்கு நான் பெயிண்டைவிட இதையே சொல்வேன். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். சொரசொரப்பான பரப்பில் மேடுகளை மட்டும் தொட்டு நிற்பதால் ஓரம் கிளம்பிவிடும். வெயிலில் நிறுத்தும் காருக்கு இது முக்கியம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பங்கேற்று 2018-இல் வெளிவந்த ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் இருந்தது. நம் சித்திரை வெயிலும் லேசுப்பட்டதில்லை. அந்தச் சூட்டில் மலிவு கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் சுருங்கி, பசையைப் பின்னால் விட்டுப்போகும். நல்ல வினைல் ஸ்டிக்கராக வாங்கி, ஒட்டிய பிறகு மடிப்புகளை ஹீட் கன்னால் மறுபடி சூடாக்கி அழுத்தினால் நிற்கும்.

கதவுக் கைப்பிடி, ஆர்ம்ரெஸ்ட் போல தினமும் கை படும் பாகத்தைப் பட்டறையில் கொடுப்பதே கடைசியில் சிக்கனம். அங்கே அடிக்கும் 2கே பியூ (இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பாலியூரிதேன்) பெயிண்டில், இறுகவைக்கும் ஹார்டனர் சேர்வதால் வியர்வையும் நகமும் எளிதில் ஒன்றும் செய்யாது. பாகங்களை நீங்களே கழற்றிக் கழுவிக் கொண்டுபோனால் கூலி குறையும். பிளாஸ்டிக் ப்ரைமர் போடுவார்களா என்று கேளுங்கள். மேட் வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாடிக்கு அடிப்பது போல பளபளவென்று வரும். 2கே டப்பாவும் விற்கிறார்கள், வீட்டில் அடிக்க நான் சொல்லமாட்டேன். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

பிசுபிசுத்துப்போன பட்டன்களும் கைப்பிடிகளும் தனிக் கதை. சில ஐரோப்பிய கார்களில் மெத்தென்ற பூச்சு அடித்திருப்பார்கள். ஈரக்காற்றில் அந்தப் பாலியூரிதேன் சிதைந்து கையில் ஒட்டும். அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஆல்கஹால் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தெடுத்தால் பல சமயம் அடியில் நல்ல கறுப்பு பிளாஸ்டிக்கே இருக்கும், வேலை அதோடு முடிந்துவிடும்.

பெயிண்ட் வாங்கப் போகும் முன் சென்னைக்காரர்கள் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றலாம். அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட் பாகம் நல்ல நிலையில் கிடைத்தால், டப்பா, ப்ரொமோட்டர், உப்புத்தாள் எல்லாம் சேர்ந்த கணக்கைவிடக் குறைவாகவே முடியலாம். கிளிப் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பாருங்கள்.

எந்த வழியானாலும் ஏர்பேக் மூடியைத் தொடாதீர்கள். ஸ்டியரிங் நடுவிலும், முன்பயணி பக்க டேஷ்போர்டிலும் ஏர்பேக் என்று பொறித்த இடம் திட்டமிட்ட கோட்டில் கிழிந்து திறக்க வேண்டியது. அதன்மேல் பூச்சோ ஸ்டிக்கரோ இருந்தால் திறப்பது மாறலாம், துண்டுகள் முகத்தில் பறக்கலாம். டேஷ்போர்டு மேல்பக்கத்திலும் பளபளப்போ வெளிர் நிறமோ வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து எதிர்வெயிலில் சாலையை மறைக்கும்.

முழு பாகத்துக்கும் அடிக்கும் முன், பின்பக்க மூலையில் அதே முறையில் கொஞ்சம் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கீறி, நல்ல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால், மறுபடி கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும்.