சூடானால் நின்றுபோகும் ரோட்கிங்: பாயின்ட் செட்டோடு ஒன்பது வருஷம்

போன வாரம் பெரம்பூர் நண்பன் போன் செய்தான். மட்கார்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை உயர்த்தி, பட்டன் டயர் போட்டு மண்ணில் ஓட்டுவதற்கென்று யாரோ மாற்றி வைத்திருந்த பழைய யெஸ்டி ரோட்கிங் ஒன்றை வாங்கிவிட்டானாம். "மச்சான், நீதான் இதைப் பல வருஷமா வச்சிருக்க. பாயின்ட்லயே விட்டுடவா, சிடிஐ மாத்திடவா?" என்று கேட்டான். பாயின்ட் என்பது பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்னத் தொடு முனை. சிடிஐ அதே வேலையைத் தொடு முனை இல்லாமல் எலெக்ட்ரானிக்காகச் செய்வது. அன்றைக்குக் காலையில்தான் என் வண்டியின் வலது பக்கக் கவரைத் திறந்து, போன பொங்கலுக்குப் போட்ட பாயின்ட் செட் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் போனில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே மாதிரி மண்ணுக்காக மாற்றிய ரோட்கிங்தான், 6 வோல்ட் டைனமோ, பாயின்ட். தண்டையார்பேட்டையில் வீடு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி மீஞ்சூர் தாண்டிப் பழவேற்காடு பக்கம், இல்லையென்றால் சோழவரம் சுற்றி இருக்கும் மண் பாதைகளில் ஓட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவேன். இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ரோட்கிங்கைச் செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் மோட்டோகிராஸ் (மண் பந்தய) வண்டியோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்தச் சிஇசட்டில்தான் பெல்ஜியத்துக்காரர் ஜோயல் ரோபர் 1964, 1968, 1969 என்று மூன்று தடவை 250 சிசி உலகப் பட்டம் வாங்கினார். ஈர மண்ணில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது இந்த இன்ஜின் இழுக்கிற இழுவையைப் பார்த்தால் அந்தப் பேச்சில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

என் உயிரை எடுத்தது கண்டென்சர். விரல் நுனி அளவு தகர டப்பா.

காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகும். அருமையாக ஓடும். மணலி புதுநகர் தாண்டுவதற்குள் லேசாக மிஸ்ஸிங், அப்புறம் இருமல், அப்புறம் ஒரேயடியாக ஆஃப். பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் வைத்து உதைத்தால் கரண்ட் மஞ்சளாக, நூல் மாதிரி வரும். மரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும். முதல் வருஷம் முழுக்க இதைக் கார்புரேட்டர் என்று நினைத்து ஜெட்டை மாற்றி, பெட்ரோல் டேப்பை மாற்றி, பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலையும் மாற்றினேன். காசிமேட்டில் போட் இன்ஜின் பார்க்கிற வயசான மெக்கானிக் ஒருவர்தான் நான் சொல்லி முடிப்பதற்குள், "சூடானா சாவுது, ஆறுனா பொழைக்குதுன்னா கண்டென்சர் தம்பி, வேற இன்னா" என்றார்.

பாயின்ட் திறக்கிற நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் நிற்க மறுத்து அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது வாங்கிக்கொண்டால்தான் காயிலின் காந்தம் சட்டென்று சரியும், பிளக்கில் நீல நிறத்தில் பொறி விழும். அது சோம்பினால் பொறி பிளக்கில் விழாமல் பாயின்ட்டிலேயே விழுந்து அதை எரித்துவிடும். அந்த மேடும் குழியும் அப்படி வந்ததுதான். பாயின்ட் செட் தரமில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்தது பாதி நாள் அநியாயம்.

சரி, கண்டென்சர்தானே, புதுசு போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். யெஸ்டி செய்த மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடியாயிற்று. இன்றைக்கு ஒரு கடைக்காரர் "ஒரிஜினல்" என்று எடுத்து நீட்டினால் அது ஒன்று கால் நூற்றாண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த சரக்கு, இல்லையென்றால் பழைய பெயரை அச்சடித்த புது டப்பாவில் வந்த எதுவோ. பழைய கண்டென்சருக்குள் இருப்பது காகிதமும் தகரத் தாளும் சுருட்டிய சுருள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஈரம் உள்ளே போய்க் கெடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு கடையில் மூன்று வாங்கினேன். ஒன்று அன்றைக்கே போயிற்று, ஒன்று இரண்டு மாதம், ஒன்று மழைக்காலம் வரை. திரும்பக் கொண்டுபோனால், "எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு கேரண்டி கிடையாது சார்" என்ற ஒரே பதில். அவர் சொன்ன தோரணையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் எங்கிருந்தோ வருகிற பெட்டிதான், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்கக்கூடாது. இன்னொருவர், "அதான் புது யெஸ்டி வந்துடுச்சே, ஸ்பேர் கிடைக்கும்" என்றார். 2022இல் வந்தது வாட்டர் கூலிங் போட்ட ஃபோர் ஸ்ட்ரோக். அதன் சாமான் இதில் எதற்கும் ஆகாது.

மல்டிமீட்டரில் பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்த்தேன், நல்ல அளவுதான் காட்டியது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். வண்டியில் பாயின்ட் திறக்கும்போது கண்டென்சர் தாங்க வேண்டியது இருநூறுக்கும் மேல், அதுவும் இன்ஜின் சூட்டில். அங்கேதான் அது ஒழுகும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பிலிம் கெப்பாசிட்டர், விலை ஒரு டீ, வடைக்கு மேல் போகாது. அதை டைனமோவுக்குள் வைக்காமல், பாயின்ட் வயரை வெளியே இழுத்து, டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் கட்டினேன். ஒரு கால் பாயின்ட் வயருக்கு, இன்னொரு கால் துருவைச் சுரண்டிய சேசிஸுக்கு. அதிர்வில் கால் முறியாமல் இருக்க ரப்பர் டியூப் போட்டு இறுக்கினேன். சூடு அங்கே வராது. நாலு வருஷம் அதே கெப்பாசிட்டர். பழவேற்காடு வரை போய், உப்புச் சேற்றில் அரை நாள் ஓட்டி, நிறுத்தி, உடனே உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தேன்.

அப்படியிருக்க இந்தப் பொங்கல் செட் ஏன் தேய்ந்தது? நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். சேசிஸ் பக்கத்து எர்த் கால் உப்புக்காற்றில் பச்சை பிடித்துப்போயிருந்தது. தப்பு என்னுடையது, வருஷத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் பழக்கம்தான். ஒரு வாரம் நிறுத்தினால் பாயின்ட்டில் படலம் பிடிக்கும், விசிட்டிங் கார்டைப் பெட்ரோலில் நனைத்து நடுவில் இழுத்தால் போதும். இடைவெளியை முதலில் வை (நான் 0.4 மில்லி வைக்கிறேன்), டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, அப்புறம் பார். மாற்றிச் செய்தால் இடைவெளியைத் தொட்டதும் டைமிங் நகர்ந்துவிடும், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கும். பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் சின்ன 6 வோல்ட் பல்பு வைத்து, சாவியைப் போட்டு, இன்ஜினை மெதுவாகத் திருப்பு. பல்பு எரிகிற இடம்தான் பாயின்ட் திறக்கிற இடம். பிளக்குக்கு அலையாதே. மைக்கோ என்று பெயர் போட்ட பழைய பெட்டி கிடைத்தால் பயப்படாமல் வாங்கு, 2008இல் பாஷ் என்று பெயர் மாறுவதற்கு முந்தைய சரக்கு அது, பீங்கான் கெட்டுப்போகாது.

இவ்வளவு சொன்னதால் பாயின்ட்டிலேயே விடு என்பேன் என்று நினைத்திருப்பாய். சிடிஐ போட்டுவிடு. நீ தண்ணீரில் இறக்கி ஓட்டுகிற ஆள், உனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையில் உனக்குக் கிடைப்பதே மூன்று மணி நேரம். அதைக் கவரைத் திறந்துகொண்டு செலவழிக்காதே. செக் நாட்டிலிருந்து யெஸ்டிக்கு மூலமான ஜாவா வண்டிகளுக்கென்றே 12 வோல்ட் மாக்னெட்டோ கிட் வருகிறது, பேட்டரி இல்லாமலே ஸ்டார்ட் ஆகும். காசு அதிகம்தான், மனசு வலிக்கும், பரவாயில்லை. எரிந்த பாயின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இன்னொரு நாள் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

மாற்றும்போது கழற்றுகிற பாயின்ட் தட்டு, கேம், டைனமோ எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே மச்சான். அப்படியே ஒரு பையில் போட்டு எனக்குக் கொண்டு வந்து கொடு.