நெல்லையில் மனை பார்க்கிறவர்களுக்கு: நான் வாங்கியது ஓர் ஓடையை

மனை பார்க்கப் போனால் முதலில் தரையைப் பாருங்கள். சுற்றிலும் பள்ளமாகக் கிடக்கும்போது ஒரு துண்டு மட்டும் புதுச் சரளும் கட்டட இடிபாடுமாக மேடேறியிருந்தால், அடியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. 2022 வைகாசியில், பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு குளத்துக்குக் கீழே 5 சென்ட் வாங்கினேன்.

அன்றைக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி சொன்னாள்: "எய்யா, இது மறுகா போற இடம்லா, இங்கயா வீடு கட்டப் போறிய?" மறுகா என்றால் மறுகால், குளம் நிரம்பி வழிகிற தண்ணீர். புரோக்கர் சிரித்தார். "அது ஓடி முப்பது வருசமாச்சு அண்ணாச்சி. கிழவிக்கு வேற சோலி இல்ல." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். நம்பர், முத்திரை எல்லாம் உண்மைதான். ஆனால் அப்ரூவலான லேஅவுட் 32ஆம் மனையோடு முடிகிறது. என்னுடையது 37. பின்னால் ஒட்டியிருந்த துண்டை அதே பெயர்ப்பலகையின் கீழ் விற்றுவிட்டார்கள். பத்திரத்தில் 'மனை' என்ற சொல்லே கிடையாது, 'புஞ்சை' என்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வாசித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஈசி, அதாவது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் இல்லை. ஓடை எப்படி ஈசியில் வரும்?

போர் போட்டதில் 60 அடியிலேயே தண்ணீர். அதிர்ஷ்டம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். குளக்கரையில் உபரி நீர் வெளியேறும் கலுங்கில் வழிகிற மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. போகிற வழியில் ஓடை மணலில் இறங்கி இரண்டு பக்கக் கிணறுகளையும் ஊற வைப்பதும் அதுவே. ஓடைக்குள் நின்றுகொண்டு போர் போட்டால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்? அப்புறம் நாலு பக்கமும் காம்பவுண்ட் சுவர் எழுப்பினேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எங்கள் குளமும் மறுகால் பாய்ந்தது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவர் மட்டும் நின்றது, மற்ற மூன்றும் சாய்ந்து கிடந்தன. அந்த மேற்குச் சுவர்தான் தண்ணீரைத் தடுத்து, பின் தெருவுக்குள் திருப்பி விட்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குச் சேற்றுக் கோடு. அந்த வீட்டு அக்கா என்னைத் திட்டவில்லை. "சுவரு உங்களுதா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து மனைகளின் செப்டிக் டேங்க் எல்லாம் நிரம்பி வழிந்து, என் போர் தண்ணீரும் நாற ஆரம்பித்தது.

பிறகு சர்வேயரை வைத்து அளந்தேன். 5 சென்ட்டில் ஏறக்குறைய 2 சென்ட் ஓடைப் புறம்போக்கு. அதற்குப் பட்டா கிடைக்காது. அப்ரூவல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறை விதிகளிலும் வாய்க்கால், நீர்நிலையில் விழுகிற மனைக்கு இடமில்லை. மிச்சமுள்ள 3 சென்ட்டுக்கும் அப்ரூவல் இல்லை, ஆகவே பிளான் பாஸ் ஆகாது.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க நூறு ரூபாய்கூடச் செலவாகியிருக்காது. பட்டாவோடு நிறுத்தாமல் அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புல வரைபடமும் (அந்த எண்ணின் அளவை வரைபடம்) எடுங்கள். உங்கள் சர்வே எண் மட்டும் போதாது, ஒட்டியுள்ள எண்களையும் போட்டு ஓடை, வாய்க்கால், குளம் என்று வருகிறதா பாருங்கள். அப்ரூவல் வரைபடத்தில் உங்கள் மனை எண்ணை விரல் வைத்துத் தேடுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இடத்தைப் போய்ப் பாருங்கள். கோடையில் எந்த ஓடையும் மனை மாதிரிதான் தெரியும்.

போன வாரம் அதே புரோக்கர் போன் செய்தார். "வித்துத் தரட்டுமா அண்ணாச்சி? வெளியூர்ப் பார்ட்டி ஒண்ணு இருக்கு." எப்போது இடத்தைக் காட்டுவீர்கள் என்று கேட்டேன்.

வைகாசியில் காட்டுவாராம்.