சோர் பஜாரில் பழைய ஆகர் பிட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மும்பை சோர் பஜாரில் கையால் சுற்றி மரத்தில் துளை போடும் கைப்பிரேஸுக்கு, அதில் மாட்டும் முறுக்கு அலகான ஆகர் பிட்டைப் பழையதாகத் தேடுகிறவர்கள், பளபளவென்று மின்னும் பிட்டைக் கண்டால் உஷாராக இருங்கள். மட்டன் தெருவை ஒட்டிய ஒரு கடையில் ஆறு பிட்டுக்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

பிட்டுகளைச் சுருட்டி வைத்திருந்த துணிச்சுருளின் மேலே இருந்த ஒன்றை மட்டும் கடைக்காரர் கையில் கொடுத்தார். அருமையான பிட். மற்றவற்றை எடுக்கப் போனபோது, "எல்லாம் ஒரே செட்தான், எண்ணெய் கையில் ஒட்டும்" என்று சொல்லிச் சுருட்டிக் கட்டிவிட்டார்.

தாராவியில் என் பட்டறைக்கு வந்து மண்ணெண்ணெயில் கழுவியதும் சாயம் வெளுத்தது. இரண்டு பிட்டுகளின் நுனித் திருகில் கறுப்பு மெழுகை அடைத்திருந்தார்கள். மெழுகு கரைந்த இடத்தில் புரியே இல்லை. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்ததில் வெறும் கூம்புதான் மிச்சம். தேக்குத் துண்டில் வைத்துப் பிரேஸைச் சுற்றினால், கொஞ்சம் தூளை அரைத்துவிட்டு அதே இடத்தில் வழுக்கியது. பிட்டை மரத்துக்குள் இழுத்துச் செல்வதே அந்தத் திருகுதான். அது போனால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது.

இன்னும் இரண்டில், துளையின் ஓரத்தில் வட்டம் கீறும் முட்களை வெளிப்பக்கம் அரம் போட்டுக் கெடுத்திருந்தார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வெளிப்பக்கம் தேய்ந்தால் முள் கீறும் வட்டம் பிட்டின் உடலைவிடச் சிறுத்துவிடும். பாதித் துளையிலேயே பிட் இறுகி நின்றுவிடும். கடைசி பிட்டுக்கு, பிரேஸின் தாடை கவ்வவேண்டிய சதுர வாலையே காணோம். மின் துளைக்கருவியில் மாட்டுவதற்காக யாரோ அறுத்திருக்கிறார்கள். அளவு எண் அந்த வாலில்தான் பொறித்திருக்கும். 8 என்றால் பதினாறில் எட்டுப் பங்கு, அதாவது அரை அங்குலம்.

ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் வகை பிட் என்று சொல்லித்தான் அந்த விலை வாங்கினார். 1855இல் காப்புரிமை பெற்ற அந்த வகையில் இரட்டை முறுக்கு இருக்கும், நடுவில் தண்டு இருக்காது. எனக்குக் கிடைத்தவற்றில் பாதி, நடுத்தண்டைச் சுற்றி ஒற்றை முறுக்கு ஓடும் இர்வின் வகை. அதுவும் நல்ல சரக்குதான், ஆனால் சொன்னது அதுவல்லவே!

திருப்பிக் கொண்டுபோனபோது, "பழைய சாமான் இப்படித்தான் இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழையது என்பதால் எனக்குக் கோபமில்லை. துருப்பிடித்ததைத் துருவோடு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். மெழுகை அடைத்து மறைத்ததுதான் அயோக்கியத்தனம்.

வாங்கும்போது ஒரு குண்டூசியால் நுனித் திருகின் புரிகளைக் கிளறிப் பாருங்கள். கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வெட்டும் உதடு, அதாவது மரத்தைச் சீவும் விளிம்பு, மழுங்கியிருந்தால் கவலை வேண்டாம், மேல்பக்கம் சிறிய அரத்தால் சில இழுப்புகள் போதும். முள்ளை உட்பக்கம் மட்டுமே தீட்டுங்கள். சுருளைப் பிரித்துக் காட்ட மறுக்கிற கடையில் நிற்காதீர்கள்; குவியலைக் கொட்டிப் பொறுக்க விடுகிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள்.